கணக்கில் வராத நான்கு போல்ட்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போயிங் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த அதன் தலைமைச் செயல் அதிகாரி கெல்லி ஆர்ட்பெர்க் எடுத்துவரும் முயற்சிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பங்கு விற்று 2,000 கோடி டாலருக்கு மேல் திரட்டியது, சுமார் 17,000 பேரைக் குறைக்க முடிவெடுத்தது என்று பணக் கணக்கையே அது சுற்றிச் சுற்றி வருகிறது. கடன் கொடுத்தவனுக்குப் பதில் சொல்ல அதெல்லாம் வேண்டியதுதான், சரி. ஆனால் நோய் பிடித்த இடம் ஆலைக்குள் இருக்கிறதே!

2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மேக்ஸ் விமானத்தில் கதவு அடைப்பு, அதாவது தேவைப்படாத கதவு வாயிலை மூடும் பலகை, நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. விச்சிட்டா நகரத்து ஆலையில் செய்து வந்த உடற்பகுதியில், தகடுகளை இணைக்கும் சில ரிவெட்டுகள் சரியில்லை. அவற்றைச் சரிசெய்ய, சியாட்டில் அருகே போயிங் விமானங்களைப் பூட்டும் ரென்டன் ஆலையில் அந்த அடைப்பைத் திறந்தார்கள். திரும்ப மூடும்போது நான்கு போல்ட்டுகளைப் போடவில்லை. திறந்ததற்கே பதிவு இல்லை. அப்புறம் மூடியதை எந்த ஆய்வாளர் போய்ப் பார்ப்பார்?

நானும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் காலம் தள்ளியவன். மாதக் கடைசி வந்தால் போதும், “அடுத்த ஸ்டேஷனுக்குத் தள்ளுப்பா, மிச்சத்தை அங்கே பார்த்துக்கலாம்” என்பார் சூப்பர்வைசர். அங்கே போவதற்குள் மேலே வேறு பாகத்தைப் பொருத்தி மூடியிருப்பார்கள். இரவு ஷிப்டில் நான் சிவப்புச் சீட்டு ஒட்டிவைத்த பெட்டி, காலையில் சீட்டில்லாமல் லாரி ஏறியதும் உண்டு. கேட்டால், “சீட்டா? நாங்க பார்க்கலையே சார்.”

அதனால்தான் ஆர்ட்பெர்க் செய்ததில், கட்டுரை ஒரே வரியில் தாண்டிப் போன விஷயம் எனக்குப் பெரிதாகப் பட்டது. அவர் சியாட்டில் பக்கமே குடிவந்துவிட்டார். போயிங் தலைமையகம் 2001-ல் அந்த ஊரை விட்டுச் சிகாகோவுக்கும், 2022-ல் ஆர்லிங்டனுக்கும் போய்விட்டது. கையெழுத்துப் போடுகிறவர் ஒரு மூலை, போல்ட் முடுக்குகிறவர் ஒரு மூலை. 2005-ல் விற்றுத் தலைமுழுகிய விச்சிட்டா ஆலையை மறுபடி வாங்க ஒப்பந்தம் போட்டது அவர் வருவதற்கு முன்பே. அதைக் கைவிடாமல் அவர் தொடர்ந்ததும் நல்லதே. அந்த விபத்துக்குப் பிறகு 737 மேக்ஸ் உற்பத்திக்கு அமெரிக்க அரசு வைத்த மாதம் 38 விமானம் என்ற வரம்பு, 2025 அக்டோபரில்தான் 42 ஆனது. அதுவரை பொறுத்திருந்ததை நஷ்டம் என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. நிதானமாக ஓடும் லைனில்தான் ஒருவன் கையைத் தூக்கி ‘நிறுத்துங்க’ என்று சொல்ல முடியும்.

ஒரு வேண்டுகோள். 2024-ல் போயிங் தொழிலாளர்கள் சுமார் 33,000 பேர் ஏழு வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து, நான்கு ஆண்டுகளில் 38 சதவீதச் சம்பள உயர்வு வாங்கினார்கள். அது கட்டுரையில் விலாவாரியாக இருக்கிறது. ஆனால் ஆள்குறைப்பில் போனவர்களில் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? அடுத்த இதழில் அதையும் விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தர ஆய்வாளர் ஒருவர்