இயற்கை மருத்துவத்துக்கு ஐயாயிரம் வயதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நலவாழ்வு இணைப்பில் வந்த இயற்கை மருத்துவக் கட்டுரையைப் படித்தேன். ஈர மண்ணைத் துணியில் வைத்து உடம்பில் போடும் மண்பட்டியும், தொட்டித் தண்ணீரில் இடுப்பளவு உட்காரும் இடுப்புக் குளியலும் ஐயாயிரம் ஆண்டுகளாகச் சித்தர்கள் கைக்கொண்டவை என்று எழுதியிருக்கிறார்கள். சித்தர்களுக்கு அவர்களுடைய பெருமையே போதும். இதையும் ஏன் அவர்கள் தலையில் கட்ட வேண்டும்?

இன்று நம் இயற்கை மருத்துவ முகாம்களில் செய்யும் தொட்டிக் குளியல் முறைகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மொழி பேசும் ஊர்களில் உருவானவை. சிலேசியாவில் பிரீஸ்னிட்ஸ் என்ற விவசாயி குளிர்ந்த தண்ணீரை வைத்தே வைத்தியம் பார்த்தார். அப்புறம் பவேரியாவில் க்னைப் என்ற பாதிரியார், லைப்சிக் நகரில் லூயி கூனே. மூவருமே மருத்துவம் படித்தவர்கள் இல்லை. கூனேயின் நூல் 1894இல் தெலுங்கில் வந்தது. இந்தியாவில் இந்த மருத்துவம் பரவியதற்கு அதைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள்.

கூனேயின் தத்துவம் ஒரே வரிதான்: நோய் ஒன்றே, உடலில் தேங்கிய கழிவே அதற்குக் காரணம், கழிவை வெளியேற்றினால் எல்லாம் சரியாகும். கேட்க எவ்வளவு சுலபம்! ஆனால் கணையத்தில் இன்சுலினே சுரக்காதவருக்கு எந்தக் கழிவை வெளியேற்றுவது? எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு முகாமில் சொன்னதைக் கேட்டு என் மச்சினர் ஊசியை நிறுத்தினார். வாரம் முடிவதற்குள் பாலக்காட்டில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. நடத்தியவர்கள் அதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள்.

கட்டுரையில் காந்தியைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறார்கள். அவர் இயற்கை மருத்துவத்தில் ஊறியவர்தான். மகன் மணிலாலுக்கு டைபாய்டு வந்தபோது கூனே முறைக் குளியலும் தண்ணீர் கலந்த ஆரஞ்சுச் சாறும் கொடுத்தார், பையன் பிழைத்தான். ஆனால் பிழைத்தது கடவுள் அருளாலா, நீர்ச் சிகிச்சையாலா, பத்தியத்தாலா, கவனிப்பாலா என்று யாரால் சொல்ல முடியும் என்று தன் வரலாற்றில் அவரே கேட்கிறார். 1924இல் குடல்வால் அழற்சி வந்தபோது புனேயில் அறுவை சிகிச்சையும் செய்துகொண்டார். 1946இல் புனேவுக்கு அருகே உருளிகாஞ்சனில் இயற்கை மருத்துவ ஆசிரமம் தொடங்கியவரும் அவரேதான். இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் காந்தி பாதிதான் தெரிவார்.

உணவே மருந்து என்று எழுதியவர்கள் குன்னூரை விட்டுவிட்டதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். அங்கே இருந்த ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெக்கரிசன் என்ற டாக்டர் எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு வட்டாரச் சாப்பாட்டைக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்றவை கொழுகொழுவென்று இருந்தன. சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாடு தின்றவை மெலிந்து நோயில் விழுந்தன. நமக்குக் கசக்கும் முடிவுதான், ஆனாலும் சோதித்துப் பார்த்துச் சொன்னது.

பி1 வைட்டமின் குறைந்தால் நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோயின் சங்கதி இன்னும் சுவையானது. ஆலையில் தீட்டிய பச்சரிசியைத் தின்ற ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் அந்த நோய் நிலைத்திருந்தது. புழுங்கலரிசி தின்ற பகுதிகளில் பெரிதாகத் தலைகாட்டவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் ஆலையில் தீட்டினாலும் எல்லாம் போய்விடுவதில்லை. எங்கள் பாலக்காட்டு மட்டையரிசி என்னும் சிவப்புப் புழுங்கலரிசிக் கஞ்சியைப் பட்டிக்காட்டுச் சாப்பாடு என்று ஒதுக்கிவிட்டு, பாக்கெட்டில் வரும் ஓட்ஸுக்கு மாறியவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அந்தக் குன்னூர் ஆய்வுக்கூடம்தான் பிறகு ஹைதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று.

நடை, வெயில், எண்ணெய் குறைந்த சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம் என்று இயற்கை மருத்துவர்கள் சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை. ஐந்தரை ஆண்டு படித்துப் பட்டம் வாங்கியவர்களும் இந்தத் துறையில் இருக்கிறார்கள். சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. வாரக் கடைசி வகுப்பில் சான்றிதழ் வாங்கி வந்து பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்பவர்களையும் அவர்களையும் ஒரே பக்கத்தில் அச்சிடுகிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. முகாம் விளம்பரம் வாங்கும்போது நடத்துபவரின் மருத்துவப் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். அடுத்த இணைப்பில் குன்னூர் எலிகளுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.