தளம் பிடித்தது யாருடைய வரி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்த வீட்டை நாள் வாடகைக்கு விடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படம் எடுப்பது, சாவி ஒப்படைப்பது, பொல்லாத விருந்தினரைச் சமாளிப்பது என்று எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக எழுதியவர், வரிக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருந்தார். வரியை ஏர்பிஎன்பி போன்ற முன்பதிவுத் தளமே விருந்தினரிடம் பிடித்துக் கட்டிவிடும், வீட்டுக்காரர் கவலைப்பட வேண்டாமாம். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி மாட்டிக்கொண்டவள் என்பதால் இந்தக் கடிதம்.

எங்கள் மாடி அறையை விடத் தொடங்கிய முதல் வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். விருந்தினருக்குப் போன பில்லில் வரி என்று ஒரு தொகை தனியாக இருந்தது. அது என் கைக்கு வரவும் இல்லை. சரி, வரி முடிந்தது என்று இருந்துவிட்டேன். வருமான வரிக் கணக்கில் அறை வாடகையாக, வங்கியில் வந்து விழுந்த தொகையை மட்டும் கூட்டிப் போட்டேன். பிறகு வரித்துறையிலிருந்து கடிதம் வந்தது. தளம் அவர்களுக்கு அனுப்பிய தொகை நான் எழுதியதைவிட அதிகம். எங்கே விட்டேன் என்று தேடியே ஒரு வாரம் போனது. கடைசியில் பார்த்தால், தளத்தின் கமிஷன். விருந்தினர் கொடுத்த முழு வாடகைதான் வரவு, கமிஷன் என் செலவு. வரவு என்ற இடத்தில் முழுத் தொகையை எழுதி, செலவில் கமிஷனைக் காட்டிக் கழித்திருக்க வேண்டும். முடிவில் நிகரத் தொகை ஒன்றேதான், ஆனாலும் முதல் கட்டத்தில் எண் ஒத்துப்போகாவிட்டால் கடிதம் வரத்தான் செய்யும்.

இதில் அடிப்படைக் குழப்பம், ஒரே ராத்திரிக்கு இரண்டு வரி இருப்பதுதான். தங்கும் கட்டணத்தின் மேல் விழுவது ஒன்று. ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் அது 12.5 சதவீதம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2025 ஜனவரியிலிருந்து 7.5 சதவீதம், அங்கே தான் குடியிருக்கும் வீட்டையே விடுபவருக்கு விலக்கு உண்டு. தளங்கள் பெரும்பாலும் பிடித்துக் கட்டுவது இந்த வகை வரியைத்தான். இன்னொன்று, வீட்டுக்காரர் சம்பாதித்த பணத்துக்கு அவரே கட்ட வேண்டிய வருமான வரி. முதலாவதைக் கட்டியாகிவிட்டது என்பதால் இரண்டாவது தீர்ந்துவிடாது.

வருமான வரியையும் தளமே பிடிக்கும் இடம் இருக்கிறதே என்று கட்டுரையாளர் கேட்கலாம். இருக்கிறது. இத்தாலி 2017-ல் அப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது: வாடகைப் பணம் தளத்தின் கை வழியே போனால் அதில் 21 சதவீதத்தைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். ஏர்பிஎன்பி வழக்குப் போட்டது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 டிசம்பர் 22 அன்று, பிடித்தம் செல்லும் என்றது. தன் வரிக் கடமைகளைப் பார்க்க உள்நாட்டில் ஒரு பிரதிநிதியைத் தளம் நியமித்தே ஆக வேண்டும் என்ற பகுதியை மட்டும் தள்ளியது. ஆனால் அங்கேயும் 2024 முதல் அந்த 21 சதவீதம் வெறும் முன்பணம்தான். வாடகைக்கென்று உள்ள தனி விகிதத்தில் வரி கட்டுபவர் ஒரு வீட்டுக்குத்தான் 21 சதவீதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அடுத்த வீட்டுக்கு 26. மிச்சம் 5 சதவீதத்தை அவர்தான் கணக்குப் பார்த்துக் கட்ட வேண்டும்.

அப்புறம், கட்டுரை தொடவே தொடாத ஒரு கேள்வி: இது வாடகையா, தொழிலா? வீடு அதேதான், விடும் விதத்தில்தான் வித்தியாசம். அமெரிக்காவில் விளக்கு, வெப்பம், குப்பை அகற்றுவது வரை கொடுத்தால் அது சாதாரண வாடகை. தங்கியிருக்கும்போதே அறையைச் சுத்தம் செய்து விரிப்பு மாற்றிக் கொடுக்கத் தொடங்கினால் தொழில் வருமானம். அதற்கு வருமான வரியோடு 15.3 சதவீத சுயதொழில் வரியும் (ஓய்வூதியம், முதியோர் மருத்துவத்துக்கான பங்கு) சேர்ந்துகொள்ளும். விரிப்பு மாற்றுவதில் இவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்! அதே நாட்டில், தான் வசிக்கும் வீட்டை வருடத்தில் 15 நாளுக்குக் குறைவாக விட்டால் அந்த வாடகையை வருமானமாகக் காட்டவே வேண்டாம் (செலவையும் கழிக்க முடியாது). ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் கோல்ஃப் போட்டி நடக்கும் வாரத்தில் வீட்டை விடுபவர்களை வைத்து இதை அகஸ்டா விதி என்பார்கள். 14 நாள் விட்டவருக்கு வரி இல்லை, ஒரு நாள் கூடிவிட்டால் முதல் நாளிலிருந்தே கணக்கு. நாட்களைக் குறித்து வைக்காதவர் இதில் என்ன செய்ய முடியும்?

விதிகளும் ஓரிடத்தில் நிற்பதில்லை. பிரிட்டனில் விடுமுறை வாடகை வீடுகளுக்கு இருந்த தனிச் சலுகை 2025 ஏப்ரலோடு போய்விட்டது. குடியிருக்கும் வீட்டில் ஒரு அறையை விடுபவருக்கு வருடம் 7,500 பவுண்டு வரை வரி இல்லை என்ற விதி மட்டும் அப்படியே இருக்கிறது. கனடாவில் 2024 முதல், உள்ளூர் அனுமதியோ பதிவோ தேவைப்படும் இடத்தில் அது இல்லாமல் விட்டால், செலவுகளைக் கழிக்கவே விடமாட்டார்கள். வரவு முழுவதற்கும் வரி.

சின்ன அளவில் விடுகிறோம், யார் கண்ணில் படப்போகிறோம் என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜனவரி முதல் தளங்கள் வீடு விடுபவர்களின் வரவு விவரத்தை வரித்துறைக்கு அனுப்பியாக வேண்டும். தளத்தில் பொருள் விற்பவருக்கு, வருடம் 30 விற்பனைக்குக் குறைவாகவும் 2,000 யூரோவுக்கு மிகாமலும் இருந்தால் விவரம் போகாது என்று ஒரு தளர்வு உண்டு. வீடு விடுபவருக்கு அது இல்லை. ஒரே இடத்துக்கு வருடம் 2,000 முன்பதிவுக்கு மேல் வாங்கும் நிறுவனத்துக்கோ விலக்கு உண்டு. அவர்கள் ஓட்டல்காரர்கள், வேறு வழியில் ஏற்கெனவே கணக்கில் இருக்கிறார்கள் என்பது காரணமாம். காரணம் சரிதான், கேட்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

தளங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாதக் கணக்கை அனுப்பும்போது முழு வாடகை, கமிஷன், விருந்தினரிடம் பிடித்த வரி, எங்களுக்குப் போட்ட தொகை நான்கையும் தனித்தனியாகக் காட்டட்டும். வரித்துறைக்கு எந்த எண்ணை அனுப்பினார்களோ அதையே எங்களுக்கும் அனுப்பட்டும். அதுவரை நான் ஒரு நோட்டில் இந்த நான்கையும் எழுதி வருகிறேன். ஐந்தாவதாக ஒரு பத்தி: அறையில் எங்கள் ஆட்களே தங்கிய நாட்கள். பராமரிப்புச் செலவை விகிதம் போட்டுப் பிரிக்க அந்த நாட்கள் வேண்டும்.

கட்டுரையாளரின் மற்ற யோசனைகளில் எனக்குக் குறை இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
மாடி அறையை வாடகைக்கு விடும் ஒரு வாசகி