ஜவுளிக்கடைப் பணியாளர் சங்க ஆண்டறிக்கை, மதுரை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகிகளுக்கும், கடை அடைத்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது, ஆடித் தள்ளுபடியும் தீபாவளி சீசனும் தவிர. உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு ஜூன் மாதத்தில் நோட்டுப் புத்தகங்கள் கொடுத்தோம். உட்காரும் உரிமைக்காக 2021-இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு வந்த பிறகு பல கடைகளில் ஸ்டூல் வந்திருக்கிறது. அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பதற்குத்தான் இன்னும் சட்டம் வரவில்லை. இந்த வேலையை அடுத்த நிர்வாகம் தொடர வேண்டும்.

இந்த ஆண்டு சங்கத்தின் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டது, பெண் ஊழியர்களிடம் முறைகேடாக நடந்துகொள்வது பற்றி வந்த புகார்கள். எந்தக் கடை, யார் என்று சொல்ல மாட்டேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, அதன் 16-ஆம் பிரிவில் அதைத் தடுக்கிறது. நியாயம் கிடைத்தது என்பதை மட்டும், ஆள் தெரியாதபடி சொல்லலாம். எனவே பல கடைகளில் கேட்டதைக் கலந்தே பேசுகிறேன்.

புகார் நேராக வருவதில்லை. "எங்க செக்ஷன்ல ஒரு பொண்ணுக்கு..." என்றுதான் ஆரம்பிக்கும். ரேக்குகளுக்கு நடுவில் போக வேறு வழி இருந்தும் அவளை உரசிக்கொண்டே போகிற சீனியர். சேலையை மேலே போட்டுக் காட்டும்போது வாடிக்கையாளர் முன்னாலேயே உடம்பைப் பற்றி அடிக்கும் கமென்ட். ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் "சாப்டியா?" பதில் போடாவிட்டால் மறுநாளிலிருந்து குடோன் வேலை. கடைசியாகச் சொன்னதைப் பலர் வேலைப் பங்கீடு என்றே நினைத்திருந்தார்கள். இணங்காதவருடைய வேலைக்குக் கேடு வரும் என்று மிரட்டுவதும், அவர் வேலை செய்யவே கூசும்படி சூழலை ஆக்குவதும் அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுக்குள் வரும்.

நம் கூட்டத்தில் ஆண் உறுப்பினர்கள் சிலர், "அப்போ இனிமே பேசவே கூடாதா?" என்று கேட்டார்கள். பேசலாம். அவர் விரும்பவில்லை என்று தெரிந்ததும் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். "அண்ணே, வேணாம்" என்பது யாருக்கும் புரியாத பாஷை இல்லை. வாய்விட்டுச் சொல்லப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அதற்கும் அதே அர்த்தம்தான்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது முதலாளிகள் செய்யும் சமரசத்தைப் பற்றி. புகார் போனதும், "நல்லபடியா முடிச்சுட்டேன்மா" என்று பெண்ணை வேறு கிளைக்கு மாற்றிவிடுகிறார்கள். அவருக்கு விற்பனை கமிஷன் போகிறது, இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கிறது, போதாக்குறைக்கு "அவ மேலதான் ஏதோ தப்பு" என்ற பேச்சும் சேர்ந்துகொள்கிறது. அந்த ஆள் அதே கவுண்ட்டரில் நிற்கிறார். கேட்டால், "இருபது வருஷ அனுபவம், சீசன் நேரம்" என்று பதில். சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, விசாரணை நடக்கும்போது யாரை இடம் மாற்றுவதானாலும் பாதிக்கப்பட்டவர் எழுதிக் கேட்க வேண்டும், புகாரை விசாரிக்கும் குழு பரிந்துரைக்க வேண்டும். அவரையும் மாற்றலாம், புகாருக்குள்ளானவரையும் மாற்றலாம். மூன்று மாதம் வரை விடுப்பும் தரலாம். அது அவருக்குச் சேர வேண்டிய மற்ற விடுப்பில் கழியாது. இந்தப் பிரிவை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய்ப் பேசினோம். ஒரு கடையில் அந்த ஆள் குடோனுக்குப் போனார், பெண் தன் பழைய கவுண்ட்டருக்கே திரும்பினார். விசாரணையும் முறையாக முடிந்தது.

பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். பேப்பரில் எல்லாக் கடையிலும் இருக்கிறது. ஒரு கடையின் பட்டியலில் இருந்த உறுப்பினர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டிருந்தார்! தலைவராக மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், தொண்டு நிறுவனம் போன்ற வெளியிலிருந்து ஒருவர் என்று இருந்தால்தான் அது குழு. குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பத்து பேருக்குக் குறைவான கடை என்றாலோ, புகாரே முதலாளி மீது என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். விளக்குத்தூண் பக்கத்துச் சின்னக் கடைகளில் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்; தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. நிரூபிக்க முடியாமல் போனதாலேயே பொய்ப் புகார் ஆகிவிடாது. இதைத் தெரியாமல் பின்வாங்கியவர்கள் உண்டு.

வாடிக்கையாளர் விஷயம் நம் தொழிலுக்கே உரியது. கை பட வேண்டுமென்றே துணியை வாங்குகிறவரிடமும் சிரித்துக்கொண்டு நிற்கச் சொல்கிறார்கள். வேலையிடத்தில் எதிர்ப்படும் வெளியாட்களிடமிருந்தும் ஊழியரைக் காப்பது முதலாளியின் கடமை என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. சேலைப் பிரிவுப் பெண்கள் இதற்குத் தாங்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். "அக்கா, ஆபீஸ்ல கூப்பிடுறாங்க" என்று பக்கத்துக் கவுண்ட்டரிலிருந்து ஒருவர் வந்து மாற்றிவிடுவார். எல்லாத் தளத்திலும் ஆண்களும் இதைச் செய்யலாம்.

பக்கத்துத் திண்டுக்கல்லில் ஒரு ஆயத்த ஆடை ஆலையில் 2022-இல் தொழிற்சங்கம் போட்ட ஒப்பந்தப்படி, தொழிலாளர்களே தளத்தில் கண்காணிப்பாளர்களாக இருந்து துன்புறுத்தலைக் கவனிக்க ஏற்பாடு ஆனது. அதே மாதிரி தளத்துக்கு ஒரு பெண்ணை ஊழியர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற தீர்மானத்தை இன்று முன்வைக்கிறோம். கடை விடுதிகளில் தங்கியிருக்கும் பையன்கள் மேஸ்திரியிடம் வாங்கும் அடியும் வசவும் இந்தச் சட்டத்துக்குள் வராது. அதற்குத் தனித் தீர்மானம் இருக்கிறது.

விசாரணைகளில் உடன் வந்த வழக்கறிஞருக்கும், சாட்சி சொன்ன சகோதரர்களுக்கும் நன்றி. அவர்கள் வாய் திறந்திராவிட்டால் எந்தப் பிரிவும் உதவியிருக்காது.

வரவு செலவுக் கணக்கை இப்போது பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்