வைஃபை நெரிசலுக்குப் பொது அளவீடு தேவை

ஆசிரியருக்கு,

நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைவீதிகளில் சாயங்காலம் வைஃபை இழுத்தால், 'பிளானை மாத்துங்க' என்பதுதான் எல்லாரும் சொல்லும் யோசனை. பல இடங்களில் குறை பிளானில் இல்லை, காற்றில்தான் நெரிசல். வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் (அலைவரிசையின் தனித்தனிப் பகுதிகள்) 1, 6, 11 மட்டுமே. பல ரவுட்டர்கள் ஆன் ஆகும்போது மட்டுமே சேனல் தேடும். கரண்ட் போய் வந்ததும் தெரு முழுக்க ஒன்றாக விழித்து, அந்த நொடியில் காலியாகத் தெரிந்த ஒரே சேனலில் போய் உட்காரும்.

மொட்டைமாடிக்கு மொட்டைமாடி 5.8 கிகாஹெர்ட்ஸில் இன்டர்நெட் இணைப்பு கொடுப்பவர்களின் நிலையும் இதுதான். 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் வேண்டாம் என்று 2018-இல் அறிவித்தாயிற்று. உரிமம் இல்லாத இடத்தில் இடையூறுக்குப் பாதுகாப்பும் கேட்க முடியாது. ஒரு சேனலுக்கு 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைத்தால் அந்த 150-க்குள் ஒருவருக்குத்தான் இடம். 40 வைத்தால் மூவருக்கு. யார் எதில் இருக்கிறார் என்று தெரிந்தால்தானே ஒதுங்குவது!

அமெரிக்காவில் 3550–3700 மெகாஹெர்ட்ஸில் கடற்படை ரேடாரைக் கரையோர உணரிகள் கண்டதும், கணினியே மற்றவர்களை வேறு அலைவரிசைக்கு நகர்த்துகிறது. நமக்கு அத்தனை வேண்டாம். எல்லா ஆபரேட்டர்களும் பார்க்கும் ஒரு எக்செல் தாள் போதும். தேதி, நேரம், இடம், ஆன்டெனா உயரம், சேனல், அதன் அகலம், இரைச்சல் (குறுக்கிடும் வேண்டாத ரேடியோ அலை) அளவு, சேனல் எத்தனை சதவீத நேரம் நிரம்பியிருந்தது என்று எழுதினால் போதும். அளவை வாடிக்கையாளர் முனையிலும் எடுக்க வேண்டும். அங்கே கேட்கும் இரைச்சல் டவரில் உள்ள கருவிக்குக் கேட்காது; பாதித் தகராறு இதனால்தான். போனில் அளந்தால் மாடலையும் குறிக்க வேண்டும். ஒரே மேசையில் வைத்த இரண்டு போன்களே சில டெசிபல் முன்பின் காட்டும்.

சராசரி போடுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். டிபிஎம் என்பது சிக்னல் வலிமையை மடங்குக் கணக்கில் சொல்லும் டெசிபல் அளவு; மைனஸ் 90-ஐவிட மைனஸ் 60 வலிமையானது. மைனஸ் 60, மைனஸ் 90 டிபிஎம் இரண்டையும் அப்படியே கூட்டி வகுத்தால் மைனஸ் 75 வரும். மில்லிவாட்டுக்கு மாற்றிச் சராசரி எடுத்தால் மைனஸ் 63. அந்த 12 டெசிபல் வித்தியாசத்தில், நெரிசலான சேனல் காலியானதுபோலத் தெரியும்.

குலசேகரம் பக்கம் இன்னொரு சிக்கல். பனிக்காலத்தில் ரப்பர் இலை உதிர்ந்து நிற்கும்போது எடுத்த அளவை ஜூன் மழைக்கு நம்பக்கூடாது. துளிர்த்து நனைந்த இலை 5.8-ஐ நன்றாகவே குடித்துவிடும். ஆகவே தோட்டப் பகுதிகளில் வருடத்துக்கு இரண்டு முறையாவது அளக்க வேண்டும்.

தாளில் வாடிக்கையாளர் பெயரோ ரவுட்டரின் மேக் எண்ணோ (கருவியின் தனி அடையாள எண்) இருக்கக்கூடாது. மாவட்டப் பொறியியல் கல்லூரி ஏதேனும் ஒன்று இதைப் பராமரிக்க முன்வந்தால், கருவிகளை ஒத்துப் பார்க்கும் வேலையும் அங்கேயே முடியும்.

– வயர்லெஸ் இணைப்புத் தொழில்நுட்பர்கள், தக்கலை