மாமா, கோல் விழுவதற்கு முன்னால் சொல்லுங்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இதைக் கடையிலேயே உங்களிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் நாக்அவுட் ஆட்டம் நடக்கும் இரவில், நம் சுங்கை சிப்புட் கடையில் யாரும் ஒரு பேச்சை முழுதாகப் பேசி முடிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். அந்த மேசையில் உட்காருகிற மற்றவர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும். ஆனால் கடிதம் உங்களுக்குத்தான். நீங்கள் ஒரு பயிற்றுநரைப் பற்றி என்ன சொல்கிறீர்களோ, அதைத்தான் மறுநாள் காலை ஊரே சொல்கிறது.

2022 உலகக் கிண்ணக் காற்பந்திலிருந்து தொடங்குகிறேன். போர்ச்சுகல் பயிற்றுநர் ஃபெர்னான்டோ சாண்டோஸ், சுவிட்சர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் ரொனால்டோவை வெளியே உட்கார வைத்தார். மலேசியாவில் நமக்கு அது டிசம்பர் 7, விடியற்காலை மூன்று மணி. ரொனால்டோவின் இடத்தில் இறங்கிய கொன்சாலோ ராமோஸுக்கு வயது 21. நாட்டுக்காக முதல் நிமிடத்திலிருந்து அவர் ஆடியது அதுதான் முதல் முறை. மூன்று கோல் அடித்தார். போர்ச்சுகல் 6-1 என்று ஜெயித்தது. "பயிற்றுநர்னா இவன்தான், பெரிய பேருக்குப் பயப்படல" என்றீர்கள். காலையில் ரொட்டி சானாய் கட்டிக்கொண்டு போக வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னீர்கள்.

நான்காம் நாள், சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு மொரோக்கோவுடன் காலிறுதி. கடையில் நிற்க இடமில்லை. அதே சாண்டோஸ், அதே ராமோஸ், ரொனால்டோவும் அதே பெஞ்சில். போர்ச்சுகல் 0-1 என்று தோற்றது. அன்றைக்கு உங்கள் வாயில் சாண்டோஸ் மண்டையில் ஒன்றுமில்லாதவர் ஆகிவிட்டார். ரொனால்டோவை உட்கார வைத்த பாவம் சும்மா விடாது என்றீர்கள்.

மாமா, இரண்டு நாளும் அவர் செய்தது ஒரே காரியம். மொரோக்கோ அதுவரை அந்தப் போட்டியில் வாங்கியிருந்தது ஒரே ஒரு கோல், அதுவும் அவர்களே தங்கள் வலைக்குள் தட்டிக்கொண்டது. அப்படிப்பட்ட தடுப்பை உடைக்க ஓடித் திரிகிற ஆள் வேண்டும் என்று அவர் நினைத்ததில் அர்த்தம் இருந்தது. கோல் விழுந்தது 42-வது நிமிடத்தில். உயரமாக வந்த பந்துக்குப் போர்ச்சுகல் கோல் கீப்பர் டியோகோ கோஸ்தா முன்னால் வந்து தவறவிட, மொரோக்கோவின் என்-நெசிரி எம்பித் தலையால் அடித்தார். அதற்கும் பெஞ்சில் இருந்தவருக்கும் என்ன சம்பந்தம்? 51-வது நிமிடத்தில் ரொனால்டோவே உள்ளே வந்துவிட்டார். கிட்டத்தட்ட ஒரு பாதி ஆட்டம் முழுக்க அவர் திடலில் இருந்தார். போர்ச்சுகலுக்குக் கோல் வரவில்லை.

சாண்டோஸ் செய்தது சரியா தவறா என்று நாம் வாதாடலாம். ஆனால் ஒரே முடிவு புதன்கிழமை வீரமாகவும் சனிக்கிழமை முட்டாள்தனமாகவும் இருக்க முடியாது. நாம் எடைபோட்டது அவருடைய முடிவை அல்ல, பலகையில் தெரிந்த எண்ணை.

நீங்கள் எப்போதும் இப்படிப் பார்த்தவர் இல்லை. அதனால்தான் இவ்வளவு மெனக்கெட்டு எழுதுகிறேன். 2006 உலகக் கிண்ணக் காலிறுதி, பெர்லினில் அர்ஜென்டினாவும் ஜெர்மனியும். நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். அம்மாவிடம் சண்டை போட்டு உங்கள் மோட்டாரில் ஏறி வந்தேன். அயாலா தலையால் அடித்த கோலில் அர்ஜென்டினா 1-0 என்று முன்னால் இருந்தது. 71-வது நிமிடத்தில் அவர்களுடைய கோல் கீப்பர் அபொன்டான்சியேரி அடிபட்டு வெளியே போனார். "ஒரு மாத்தம் போச்சு, இனி ரெண்டுதான் கையில" என்று எண்ணிச் சொன்னீர்கள். அடுத்த நிமிடமே பயிற்றுநர் பெக்கர்மேன் ரிக்கெல்மேயை வெளியே கூப்பிட்டுக் கம்பியாசோவை இறக்கினார்.

அப்போது நீங்கள் சொன்னது இன்றும் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. "தப்பு பண்ணிட்டான். பந்தை வச்சிக்கிட்டு ஆட்டத்தை மெதுவாக்குற ஆள் அவன் ஒருத்தன்தான். அவன் போயிட்டா பந்து திரும்பத் திரும்ப இவனுங்க பெட்டிக்குள்ளேயே வரும். ஜெர்மன்காரன் தலையால அடிப்பான்." 79-வது நிமிடத்தில் கிரெஸ்போவும் வெளியே போக, இறங்கியவர் குரூஸ். 19 வயது மெஸ்ஸி பெஞ்சிலேயே இருந்தார். மாற்றங்கள் மூன்றும் தீர்ந்தன. 80-வது நிமிடம் பாலாக் தூக்கிப் போட்ட பந்தை போரோவ்ஸ்கி தலையால் தட்டிவிட, குளோசே தலையாலேயே வலைக்குள் அனுப்பினார். பிறகு பெனால்டியில் ஜெர்மனி 4-2. தடுக்கப்பட்ட இரண்டில் ஒன்று அந்தக் கம்பியாசோ அடித்தது.

கோல் விழுவதற்கு முன்பே நீங்கள் சொன்னீர்கள், மாமா. காரணத்தோடு சொன்னீர்கள். ஜெர்மனி அந்தக் கோலைப் போடாமல் அர்ஜென்டினாவே ஜெயித்திருந்தாலும் உங்கள் பேச்சு சரியான பேச்சாகத்தான் இருந்திருக்கும். காற்பந்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் வகுப்பெடுத்ததில்லை. அன்றிரவு நீங்கள் பேசியதைக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ரப்பர் தோட்டத்துக்குத் தோட்டம் திடல் இருந்த காலத்தில், பால்மரம் வெட்டிவிட்டு வந்து சாயங்காலம் ஐந்து மணிக்குப் பந்து உதைத்தவர் நீங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியாததா?

அந்தக் கண் இப்போது எங்கே போனது என்பதுதான் என் ஆதங்கம்.

அதே 2022-இன் இறுதியாட்டத்தைப் பாருங்கள். அர்ஜென்டினாவுக்கு முதல் பெனால்டியை வாங்கித் தந்தவரும், 36-வது நிமிடத்தில் இரண்டாவது கோலைப் போட்டவரும் டி மரியா. பிரான்சின் வலது பக்கத்தை அவர் ஒருவரே கலங்கடித்துக்கொண்டிருந்தார். பிரான்ஸ் பயிற்றுநர் டிடியே டெஷாம் பாதி ஆட்டம் வரைகூடப் பொறுக்காமல், 41-வது நிமிடத்திலேயே ஜிரூவையும் டெம்பெலேயையும் வெளியே எடுத்துவிட்டு துராமையும் கோலோ முவானியையும் இறக்கினார். கடையே சிரித்தது. "பயந்துட்டான்" என்றார்கள். 64-வது நிமிடத்தில் அர்ஜென்டினா பயிற்றுநர் ஸ்கலோனி டி மரியாவை வெளியே எடுத்தார். 80, 81 என்று அடுத்தடுத்த நிமிடங்களில் பிரான்சின் எம்பாப்பே இரண்டு கோல் அடித்துவிட்டார். அந்த முதல் கோலுக்கான பெனால்டியை வாங்கித் தந்தது, கடை பார்த்துச் சிரித்த அந்தக் கோலோ முவானிதான்.

கூடுதல் நேரமும் முடியப் போகிறது, 3-3. கோலோ முவானி கோல் கீப்பருக்கு முன்னால் தனியாக நின்றார். எமிலியானோ மார்டினெஸ் காலை நீட்டித் தடுத்தார். அந்தப் பந்து உள்ளே போயிருந்தால், டி மரியாவை எடுத்ததற்காக ஸ்கலோனியை நாம் இன்றுவரை திட்டிக்கொண்டிருப்போம். டெஷாம் 41-வது நிமிடத்தில் செய்ததை மேதைமை என்போம். பந்து காலில் பட்டது. அர்ஜென்டினா பெனால்டியில் 4-2 என்று ஜெயித்தது. டி மரியாவை ஏன் எடுத்தார் என்று நம் கடையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நெதர்லாந்துப் பயிற்றுநர் வான் கால் 2014 உலகக் கிண்ணத்தில் செய்தது இன்னும் தெளிவான உதாரணம். கோஸ்டா ரிகாவுக்கு எதிரான காலிறுதியில் பெனால்டிக்குச் சற்று முன் சில்லெசனை எடுத்துவிட்டு டிம் குருலைக் கோல் கீப்பராக இறக்கினார். குருல் இரண்டு பெனால்டியைத் தடுத்தார். மந்திரவாதி என்றோம். நான்கே நாளில் அரையிறுதி, மூன்று மாற்றங்களும் தீர்ந்துவிட்டன, குருலை இறக்க வழியில்லை, அர்ஜென்டினாவிடம் பெனால்டியில் தோல்வி. உடனே "ஒரு மாத்தத்தைக் கையில வச்சிக்கத் தெரியல" என்றோம்.

நம்முடைய மலேசிய அணிப் பயிற்றுநர் ராஜகோபால் விஷயத்திலும் இதைத்தான் செய்தோம். தென்கிழக்காசிய அணிகள் ஆடும் 2010 சுசுகி கிண்ணத்தில் முதல் ஆட்டமே ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5. இளைஞர்களை நம்பி அணி கட்டியது தவறு என்று ஊர் முழுக்கப் பேச்சு. அவர் அந்தப் பிள்ளைகளைக் கைவிடவில்லை. அதே மாதம் 26-ஆம் தேதி புக்கிட் ஜாலிலில், இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில், அதே இந்தோனேசியாவை 3-0 என்று அடித்தார்கள். ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றும் கிண்ணம் நமக்கே வந்தது. 31-ஆம் தேதி நாட்டுக்கே பொது விடுமுறை. நம் இனத்து மனிதர் ஒருவர் தேசிய அணியை அந்த உயரத்துக்குக் கொண்டுபோனார் என்று உங்கள் கண் கலங்கியதைப் பார்த்தேன். இரண்டு வருடம் கழித்து அதே போட்டியின் அரையிறுதியில் தாய்லாந்திடம் தோற்றபோது, அதே மேசையில் அவரைப் பற்றி வந்த வார்த்தைகளை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

வார்த்தைகள் என்றதும் 2021 ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஊரடங்கு நேரம், கடையில் உட்கார அனுமதி இல்லை. எல்லாரும் வீட்டிலிருந்தே வாட்சாப் குழுவில் பேசினோம். இங்கிலாந்துப் பயிற்றுநர் சவுத்கேட், பெனால்டிக்கென்றே ராஷ்ஃபோர்டையும் சான்சோவையும் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் இறக்கினார். ராஷ்ஃபோர்டு அடித்தது கம்பத்தில் பட்டது. சான்சோ அடித்ததை டொன்னரும்மா தடுத்தார். ஐந்தாவதாக வந்த சாக்காவுக்கு 19 வயது, அதுவும் தடுக்கப்பட்டது. இத்தாலி ஜெயித்தது.

சவுத்கேட் செய்தது தவறு என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். உடம்பு சூடாகாமல், காலுக்குப் பந்து பழகாமல் நேரே பெனால்டிக்கு ஒருவரை அனுப்பக்கூடாது. அனுபவசாலிகள் இருக்கும்போது கடைசி உதையை 19 வயதுப் பிள்ளை தலையில் வைக்கவும் கூடாது. இதைச் சொல்லலாம், கடுமையாகவே சொல்லலாம். ஆனால் அன்று அந்த மூன்று பேரையும் தோல் நிறத்தைச் சொல்லி உலகமெங்கும் இழிவுபடுத்தினார்கள். அதில் சில படங்கள் நம் குழுவுக்கும் வந்தன. சிரிக்கிற முகங்களைப் போட்டு நம்மவர்களே அடுத்த குழுவுக்கு அனுப்பினார்கள். மாமா, பள்ளிக்கூடத்தில் கறுப்பு என்று கேலி கேட்டு அழுதுகொண்டு வீடு வந்த பிள்ளைகள் நம் வீட்டில் இல்லையா? நாம் எப்படி அதை அனுப்பினோம்? நீங்கள் அனுப்பவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் குழுவில் மூத்தவர் நீங்கள். "நிறுத்துங்கடா" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே நின்றிருக்கும்.

இனி நம் திடலுக்கு வருகிறேன். போன வருடம் பள்ளி விடுமுறையில் நடந்த பன்னிரண்டு வயதுப் பையன்கள் போட்டியில், அரையிறுதி பெனால்டிக்குப் போனது உங்களுக்குத் தெரியும். யார் அடிக்கிறீர்கள் என்று ஆசிரியர் கேட்டார். ஒரு கை கூட எழவில்லை. நன்றாக உதைக்கிற பையன் ஒருவன் பூட்சின் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் ஆசிரியரே பெயர் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. ஆட்டம் முடிந்த பிறகு அந்தப் பையனிடம் ஏன்டா என்று கேட்டேன். "வெளிய போயிட்டா கடையில பேசுவாங்க அங்கிள்" என்றான்.

அப்பாவோடு ஆட்டம் பார்க்க வந்து பக்கத்து மேசையில் மைலோ குடித்துக்கொண்டிருக்கும் பிள்ளை அவன். நாம் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். பெரியவர்களுக்கே அந்த இடத்தில் கால் நடுங்கும். 2022-இல் குரோஷியாவுக்கு எதிராக ஜப்பான் பயிற்றுநர் மொரியாசு, அடிக்க விரும்புகிறவர்களே முன்வரட்டும் என்று விட்டார். முதல் ஆளாக வந்த மினாமினோ அடித்தது தடுக்கப்பட்டது. மொத்தம் மூன்று தடுக்கப்பட்டு ஜப்பான் வீட்டுக்குப் போனது. உலகக் கிண்ணம் ஆடுகிறவர்களுக்கே இந்த நிலை என்றால், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு எவ்வளவு பாரம்! அதன் மேல் கடைப் பேச்சையும் ஏற்றி வைக்கிறோம்.

2026 உலகக் கிண்ணத்தில் 48 அணிகள், 104 ஆட்டங்கள். நாக்அவுட் சுற்றே 32 அணிகளோடு தொடங்கும். திட்டுவதற்கு இதுவரை இல்லாத அளவுக்கு ஆட்டங்கள் கிடைக்கும். அதனால் இப்போதே ஒன்று கேட்கிறேன். மாற்று ஆட்டக்காரர் கோட்டருகே வந்து நிற்பார், நான்காவது நடுவர் பலகையைத் தூக்குவார். அந்த நேரத்தில் சொல்லுங்கள், கடையே கேட்கும்படி சொல்லுங்கள்: சரியா, தப்பா, ஏன், நீங்களாக இருந்தால் யாரை எடுத்து யாரைப் போடுவீர்கள். 2006-இல் சொன்ன மாதிரி. அப்படிச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் கழித்து எவ்வளவு சத்தம் போட்டாலும் நான் உங்கள் பக்கம்தான். அப்போது வாய் திறக்காதவர்கள் கோல் விழுந்த பிறகு பயிற்றுநரைத் திட்டினால், அவர்களை அடக்குகிற பொறுப்பும் உங்களுடையதுதான். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பையன்களுக்குப் பெனால்டி பழக்கலாம் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். மழை இல்லாவிட்டால் ஐந்தரைக்குத் திடலில் இருப்போம். நீங்கள் வந்தால் பையன்களுக்கு நல்லது. அந்தப் பூட்ஸ் கயிற்றுப் பையனிடம் நீங்களே இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி. முடிவு என்ன ஆனது என்பதை மறந்துவிட்டு, அந்த நிமிடத்தில் நின்று பதில் சொல்லுங்கள். 64-வது நிமிடம், 2-0, டி மரியா களைத்துக்கொண்டிருக்கிறார், எதிரே எம்பாப்பே இன்னும் ஓடத் தொடங்கவே இல்லை. நீங்கள் ஸ்கலோனியாக இருந்திருந்தால் அவரை வெளியே எடுத்திருப்பீர்களா?

அன்புடன்,
உங்கள் அக்கா மகன்