முழுக் கருவியாகத்தான் வாங்குவோம் என்றால் எப்படி?

வடசென்னைக் கல்லூரி முதல்வர்களுக்கும் கொள்முதல் குழுவினருக்கும்,

வணக்கம்.

நரம்பியல் செய்முறைக்குத் துறைகள் கேட்கும் தசை மின் அலைப் பதிவுக் கருவிக்கு (தசை சுருங்கும்போது எழும் மின் அலையைப் பதிவது, இஎம்ஜி) விலைப்புள்ளி லட்சங்களில் வருகிறது. ஒரே ஒரு செட் வாங்கி, அதையும் அலமாரியில் பூட்டி வைத்தால் அறுபது பேர் வகுப்பில் யார் தொட்டுப் பார்ப்பது? பாடத்துக்குத் தேவையான அளவு வேலை செய்யும் பெட்டியை, அந்த விலையில் சிறு பங்குக்குப் பாகங்கள் வாங்கி ஆய்வகத்திலேயே செய்துவிடலாம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: பாகங்களாக வாங்க அனுமதி கொடுங்கள்.

எலி வேண்டாம், கரப்பானும் வேண்டாம். மாணவரின் முன்கையே போதும். ஏடி620 பெருக்கி சிப் ஒன்று, அடுத்த கட்டப் பெருக்கத்துக்கு டிஎல்072 சிப் ஒன்று, 9 வோல்ட் பேட்டரி இரண்டு, அலையை எண்ணாக்கிக் கணினிக்கு அனுப்பும் ஆர்டுயினோ ஊனோ போர்டு ஒன்று, ஈசிஜிக்கு ஒட்டும் ஜெல் எலக்ட்ரோடு ஒரு பாக்கெட், கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர். எல்லாம் ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைக்கும். எலக்ட்ரோடு மட்டும் சர்ஜிக்கல் கடையில்.

மொத்தம் ஆயிரம் மடங்கு பெருக்கம் வேண்டும். ஆனால் அதை முதல் சிப்பிலேயே வைக்கக் கூடாது. தோலில் ஒட்டிய எலக்ட்ரோடுகளுக்கு இடையே சில நூறு மில்லிவோல்ட் டிசி மின்னழுத்த வேறுபாடு வரலாம்; ஆயிரம் மடங்கு என்றால் சிப் முட்டிக்கொண்டு நின்றுவிடும், திரையில் நேர்க்கோடுதான். ஆகவே ஏடி620இன் 1, 8ஆம் கால்களுக்கு இடையே 5.6 கிலோ ஓம். பெருக்கம் 10க்குச் சற்றுக் குறைவு. அடுத்து 0.1 மைக்ரோ ஃபாரட், 82 கிலோ ஓம் வடிகட்டி, 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்ட. பிறகு டிஎல்072இல் 1 கிலோ, 100 கிலோ ஓம் வைத்து 101 மடங்கு. அந்த 100 கிலோவுக்கு இணையாக 3.3 நானோ ஃபாரட் போட்டால் 480 ஹெர்ட்ஸுக்கு மேலே அடங்கிவிடும். தசை அலையின் பெரும்பகுதி இந்த எல்லைக்குள்தான்.

ஆர்டுயினோ 0 முதல் 5 வோல்ட் வரைதான் தாங்கும். வெளியீட்டை 1 மைக்ரோ ஃபாரட் வழியாக எடுத்து, இரண்டு 100 கிலோ ஓம் ரெசிஸ்டரால் 2.5 வோல்ட்டில் நிறுத்தி, 10 கிலோ ஓம் தொடராக வைத்து அனலாக் பின்னுக்குக் கொடுங்கள். அந்த 10 கிலோவை விட்டுவிட்டால் பின் போய்விடலாம். இரண்டு பேட்டரியும் சேரும் நடுப்புள்ளியை ஆர்டுயினோவின் கிரவுண்டோடு இணைக்க மறக்க வேண்டாம்.

முன்கையில் உள்ளங்கைப் பக்கத் தசை மேல் இரண்டு எலக்ட்ரோடு, 2 செ.மீ. இடைவெளியில், நாரின் போக்கிலேயே. மூன்றாவதை முழங்கை எலும்பு மேல் ஒட்டி நடுப்புள்ளியோடு இணைக்க வேண்டும். இந்த மூன்றாவது இல்லாவிட்டால் சிப்பின் உள்நுழை மின்னோட்டம் திரும்பிப் போக வழியில்லாமல் வெளியீடு ஒரு பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். "சிப் போச்சு" என்று தூக்கிப் போடும் சிப்புகளில் சில நல்ல சிப்புகளாகவே இருக்கும்.

கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் உடனே அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் வடிகட்டி தேட வேண்டாம். தசை அலையும் அங்கேதான் இருக்கிறது, அதையும் சேர்த்து அறுத்துவிடும். நம்மூர் வியர்வையில் ஒரு எலக்ட்ரோடு ஓரம் தூக்கியிருக்கும், அதுதான் முதல் சந்தேகம். ஸ்பிரிட்டில் துடைத்து, காய்ந்த பிறகு புதிதாக ஒட்டுங்கள். வயர்களை முறுக்கிச் சிறியதாக வையுங்கள், ஃபேன் ரெகுலேட்டருக்கு அருகில் உட்காராதீர்கள். ராயபுரம், காசிமேடு உப்புக் காற்றில் பிரெட்போர்டு (ஈயம் வைக்காமல் பாகங்களைச் செருகும் பலகை) தொடர்பு சீக்கிரம் துருவேறும். சோதித்ததும் போர்டில் ஈயம் வைத்துவிடுவது நல்லது.

நிரலில் ஒரு பொறி உண்டு. சீரியல் வேகம் 9600 என்றே விட்டால் நொடிக்கு 200 மாதிரிகூட வராது. 500 ஹெர்ட்ஸ் வரை உள்ள அலை மடிந்து பொய்யாகத் தெரியும். 115200 வைத்து, நொடிக்கு 1,000 மாதிரியாவது எடுங்கள்.

பாதுகாப்பில் சமரசம் இல்லை. கையில் எலக்ட்ரோடு இருக்கும்போது லேப்டாப் சார்ஜர் கழற்றப்பட்டிருக்க வேண்டும், கரண்ட்டில் ஓடும் ஆசிலோஸ்கோப் இணைக்கவே கூடாது. உடலுக்கு மின்சாரம் செலுத்தும் தூண்டல் கருவியை யாரும் சொந்தமாகச் செய்ய வேண்டாம். அதற்குச் சான்று பெற்ற கருவியே வாங்குங்கள். ஒற்றைச் செல்லின் மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச் கிளாம்ப் பெருக்கியும் அப்படித்தான், பிகோ ஆம்பியர் அளவு மின்னோட்டம் நம் போர்டுக்குப் பிடிபடாது. இந்தப் பெட்டியை வைத்து யாருக்கும் நோய் கண்டறியவும் கூடாது.

சால்டரிங் தெரிந்த ஆள் துறையில் இல்லையென்றால் டெல்லி அப்சைட் டவுன் லேப்ஸின் பயோஆம்ப் என்ற தயார்நிலைப் பெருக்கி போர்டு வாங்கலாம், வரைபடம் திறந்தே கிடக்கிறது. எலி மூளையில் பல சேனல் பதிவு செய்யும் ஓபன் எஃபிஸ் கருவியும் இதே திறந்த வழியில் வந்ததுதான்.

அலுவலகத்திடம் கேட்பது இவை. விலைப்புள்ளிப் படிவத்தில் 'முழுக் கருவி மட்டும்' என்று வரி இருந்தால், பக்கத்திலேயே 'அல்லது பாகப் பட்டியல்' என்று சேருங்கள். எலக்ட்ரோடு, பேட்டரி, உதிரி சிப் ஆகியவற்றை நுகர்பொருள் தலைப்பில் பருவத்துக்கு ஒருமுறை வாங்க விடுங்கள். தணிக்கைக்காக ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண்ணும், பாகங்களின் பில் நகலும், சுற்று வரைபடமும் இருப்புப் பதிவேட்டில் வைக்கலாம். ஆறு பெட்டி இருந்தால் அறுபது பேரைப் பத்துப் பத்தாகப் பிரித்து ஒரே செய்முறை நேரத்தில் உட்கார வைத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஆய்வக ஆசிரியர்கள், உதவியாளர்கள்
வடசென்னை