நோட்டுப் புத்தகம் சுத்தமாக இருந்த வகுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களின் கற்றல் தரம் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவரும் வாசகர் கடிதங்களைச் சில வாரங்களாகத் தொடர்ந்து படித்து வருகிறேன். கட்டடமும் வசதியும் இல்லாத இடத்தில் கல்வி எப்படி வளரும் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். நல்லாசிரியர் ஒருவர் வாய்த்தால் மரத்தடியே போதும் என்று மறுசாரார் பதில் எழுதுகிறார்கள். 34 ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இரு தரப்பாரும் ஒரே இடத்தில் தவறுவதாக எனக்குப் படுகிறது. பள்ளியின் சூழலைத் தனியாகவும் கற்பிக்கும் முறையைத் தனியாகவும் பிரித்து வைத்துக்கொண்டு, இவற்றில் எது பெரிது என்று வழக்காடுகிறோம். ஆனால் ஓர் ஆசிரியர் எந்த முறையில் கற்பிப்பார் என்பதைப் பெரும்பாலான நாட்களில் அவர் நிற்கும் அறையே முடிவு செய்துவிடுகிறது.

இதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளுக்கு ஒரே ஆண்டில் கணிதம் எடுத்தேன். ஒரு பிரிவு தோட்டத்தைப் பார்த்த அறையில் இருந்தது. மற்றொன்று சாலையை ஒட்டிய தகரக் கூரை அறையில் இருந்தது. இரண்டாம் பிரிவுப் பிள்ளைகள் மந்தமானவர்கள் என்று ஆசிரியர் அறையில் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆண்டின் நடுவில் ஒருநாள் இரு பிரிவினரின் நோட்டுப் புத்தகங்களையும் சேர்த்து வைத்துத் திருத்தியபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. தோட்டத்து அறைப் பிள்ளைகளின் நோட்டில் அடித்தலும் திருத்தலும் நிறைந்திருந்தன. ஒரே கணக்கைப் பாதிவரை ஒரு வழியில் போட்டு, கோடு இழுத்து அடித்துவிட்டு, வேறு வழியில் முயன்றிருந்தார்கள். சாலையோர அறைப் பிள்ளைகளின் நோட்டு கண்ணாடி போல இருந்தது. காரணம் எளியது. இரைச்சலில் கேள்வி கேட்டுப் பதில் வாங்க முடியாமல், அந்த அறையில் நான் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டேன்; அவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். ஒரே ஆசிரியர், ஒரே பாடம், இரண்டு அறைகளில் இரண்டு முறைகள். ஆய்வுக்கு வந்த அதிகாரி சுத்தமாக இருந்த நோட்டுகளைத்தான் பாராட்டிவிட்டுப் போனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரைச்சலை ஒரு சிறு அசௌகரியமாகவே பலரும் கருதுகிறார்கள். அது கற்றலை எவ்வளவு அரிக்கிறது என்பதற்கு 1975இல் வெளியான நியூயார்க் ஆய்வு ஒன்று போதும். மேம்பால ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு தொடக்கப் பள்ளியில், பாதையை நோக்கிய பக்கத்து வகுப்புகளையும் எதிர்ப்பக்கத்து அமைதியான வகுப்புகளையும் ஆர்லைன் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் ஒப்பிட்டுப் பார்த்தார். ஆறாம் வகுப்பை எட்டும்போது இரைச்சல் பக்கத்துப் பிள்ளைகள் வாசிப்பில் ஏறக்குறைய ஓராண்டு பின்தங்கியிருந்தார்கள். பின்னர் தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் தகடுகளும் வகுப்பறைக் கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகைகளும் பொருத்தப்பட்டன. 1981இல் மறுபடி பார்த்தபோது அந்த வேறுபாடு மறைந்திருந்தது. மியூனிக் நகரில் 1992இல் பழைய விமான நிலையம் மூடப்பட்டு வேறிடத்தில் புதியது திறக்கப்பட்டபோதும் இதே கதைதான் நடந்தது: பழைய நிலையத்தைச் சுற்றியிருந்த பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் தேறின, புதிய நிலையத்தருகே இருந்தவர்களுடையவை சரிந்தன. பிள்ளைகள் மாறவில்லை, பாடத்திட்டம் மாறவில்லை, ஓசை மட்டுமே இடம் மாறியது.

பெரியவர்களாகிய நமக்கு இது எளிதில் விளங்காததற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு வாக்கியத்தில் இரண்டு சொற்கள் காதில் விழாவிட்டாலும், நமக்கிருக்கும் சொல்வளத்தைக் கொண்டு அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்கிறோம். நிரப்பிக்கொண்டோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. அந்தச் சொற்களையே அப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தையால் அது முடியாது. ஒருமுறை சக ஆசிரியர் பாடம் நடத்தும்போது நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் “ஆறில் ஒன்று” என்றார். என் பக்கத்தில் இருந்த சிறுவன் 1/100 என்று எழுதினான். ‘ஆறில்’ என்பதும் ‘நூறில்’ என்பதும் லாரி கடக்கும் நேரத்தில் ஒரே சொல்தான். பின்னம் தெரிந்த எனக்குச் சரியாகக் கேட்டது. தெரியாத அவனுக்குக் கேட்கவில்லை. அந்தத் தவற்றைத் தேர்வுத் தாளில் பார்த்திருந்தால் ‘அடிப்படையே தெரியவில்லை’ என்று சிவப்பு மையில் எழுதியிருப்பேன்.

திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் குரலின் அளவு 6 டெசிபல் குறைகிறது. அறைக்குள் சுவர்கள் ஓசையைத் திருப்பி அனுப்புவதால் அந்தக் குறைவு ஓரளவு ஈடாகிறது என்றாலும், வெற்றுச் சுவரும் வழவழப்பான தரையும் உயர்ந்த கூரையும் கொண்ட அறையில் ஓர் அசை அடங்குமுன் அடுத்த அசை அதன்மேல் ஏறி விழுகிறது. ஓசை வருகிறது, சொல் வருவதில்லை. பாடம் நடக்கும் வேளையில் வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும், எதிரொலி அடங்கும் நேரம் ஏறக்குறைய 0.6 வினாடியாக இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் கூறியது. புதிய பள்ளிக் கட்டடங்களின் திறப்பு விழாக்கள் பலவற்றுக்குப் போயிருக்கிறேன்; பளிங்குத் தரையைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை, எதிரொலியைப் பற்றிப் பேசியவர் ஒருவரும் இல்லை. மரத்தடியே போதும் என்று எழுதிய வாசகருக்காக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: மரத்தடியில் எதிரொலி கிடையாது.

இனி முறைக்கு வருகிறேன். 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஒரு சிறிய கணக்கு எடுத்தார். ஆசிரியர் கேள்வி கேட்டபின் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு வினாடி அளவே இருந்தது. அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, தாமாக முன்வந்து பதில் சொல்பவர்கள் பெருகினார்கள், ‘தெரியாது’ என்பது குறைந்தது, பிள்ளைகளே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். மூன்று வினாடி மௌனத்துக்குச் செலவு ஏதுமில்லை என்று தோன்றும். ஆனால் அந்த மௌனத்தை எந்த அறையில் காக்க முடியும்? நெருக்கியடித்து உட்கார்ந்த அறுபது பேர் முன்னிலையில் மூன்று வினாடி சும்மா நின்றால், நான்காம் வினாடியில் வகுப்பு சந்தையாகிவிடும் என்ற அச்சம் ஆசிரியரின் அடிவயிற்றில் இருக்கும். ஆகவே அவர் கேட்ட கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டு, “புரிந்ததா?” என்கிறார், “புரிந்தது சார்” என்று வகுப்பு ஒரே குரலில் கத்துகிறது, அந்தக் கூச்சலில் புரியாதவனும் ஒளிந்துகொள்கிறான். கோரஸாகச் சொல்ல வைக்கும் முறையைப் பயிற்சி வகுப்புகளில் பழிக்கிறார்கள். அது சோம்பேறித்தனத்தால் வந்ததன்று. கூட்டத்தை ஒரு கட்டுக்குள் வைத்திருக்க ஆசிரியர்கள் கண்டுபிடித்த கயிறு அது.

வகுப்பின் எண்ணிக்கை பற்றிய சான்றும் இருக்கிறது. அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் 1985இல் தொடங்கி நான்கு ஆண்டுகள், சுமார் 11,600 சிறுவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகளிலும் 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளிலும் படிக்கவைத்தார்கள். சிறிய வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணிதத்திலும் முந்தினார்கள். பின்தங்கிய பிரிவைச் சேர்ந்த பிள்ளைகள் பெற்ற பயன் இன்னும் கூடுதலாக இருந்தது. எனினும் எண்ணிக்கையைக் குறைத்தாலே போதும் என்று நான் வாதிடமாட்டேன். இருபதே பேர் இருக்கும் வகுப்பிலும், அறுபது பேருக்கு எடுப்பது போலவே சொல்லி எழுதவைத்துவிட்டுப் போகும் ஆசிரியர்களை அறிவேன். சில ஆண்டுகள் நானும் அப்படியே இருந்தேன். பழைய முறை கையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். இடம் கிடைத்த பிறகு அந்த இடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று யாரேனும் கூடவே நின்று காட்ட வேண்டும்.

வெப்பம், காற்று, வெளிச்சம், பார்வை ஆகியவற்றையும் சுருக்கமாகக் குறிப்பிட வேண்டும். சன்னல்களைச் சாத்திய நெரிசலான அறையில் கரியமில வாயு வெளிக்காற்றில் இருப்பதைப் போலப் பல மடங்கு ஏறும்; பிற்பகல் வகுப்பில் கண்கள் சொக்குவதைப் பிள்ளைகளின் குணக்கேடாக எண்ணும் முன் சன்னலைத் திறந்து பார்க்கலாம். அமெரிக்காவில் லட்சக்கணக்கான மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வொன்று, தேர்வுக்கு முந்தைய பள்ளி ஆண்டு வெப்பமாக இருந்தால் கற்றல் குறைகிறது என்றும், குளிரூட்டிய பள்ளிகளில் அந்த இழப்பு பெரும்பாலும் இல்லை என்றும் கண்டது. சீனாவின் கான்சு மாகாணத்தில் கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி கொடுத்தபோது மதிப்பெண்கள் உயர்ந்தன. ஆனால் தருகிறோம் என்றாலும் வேண்டாம் என்று மறுத்த குடும்பங்களும் கணிசமாக இருந்தன. கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதுபவனைக் காப்பியடிக்கிறான் என்று எழுப்பி நிறுத்திய ஆசிரியர் நான் ஒருவன் மட்டும் அல்லன் என்று நம்புகிறேன்.

அறையால் தடைபடாத முறைகளும் உண்டு. அவற்றில் எங்களுக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை. படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல முயல்வது நெடுநாள் நிலைக்கிறது. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் நடத்திய சோதனையில், ஒரு பகுதியை இருமுறை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதில் 42 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை படித்து, ஒருமுறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். ஆனால் ஐந்தே நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை படித்தவர்களே முன்னே நின்றார்கள். நம்மை ஏமாற்றுவது இந்த ஐந்து நிமிடம்தான். பாடம் முடிந்த கையோடு கேட்டால் எல்லோருக்கும் தெரிகிறது. போர்ஷன் முடிந்துவிட்டதென்று பதிவேட்டில் எழுதிவிடுகிறோம். அடுத்த வாரம் வகுப்பு விழிக்கிறது. போன வாரப் பாடத்திலிருந்து மூன்று கேள்விகளை மதிப்பெண் இல்லாமல் ஒவ்வொரு பீரியடின் தொடக்கத்திலும் எழுதவைப்பதற்குக் கட்டடம் எதுவும் தேவையில்லை. மனப்பாடத்தை எதிர்ப்பவர்கள் இதையும் ஒப்பித்தல் என்று ஒதுக்குகிறார்கள். புரியாததை உருப்போடுவது வேறு, புரிந்ததை மறக்காமல் காப்பது வேறு.

மதிப்பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், தம் வேலைக்குக் குறிப்புரை மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த முறை முன்னேறினார்கள். மதிப்பெண் மட்டும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. மதிப்பெண்ணும் குறிப்புரையும் சேர்த்துப் பெற்றவர்களின் நிலையும் அப்படியே இருந்தது. எண்ணைப் பார்த்ததும் பிள்ளை அதன் கீழுள்ள எழுத்தைப் படிப்பதை நிறுத்திவிடுகிறது. ஆயினும் அறுபது நோட்டுகளுக்கு ஆளுக்கு இரண்டு வரி எழுத ஒருவருக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையும் எண்ணிப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். மதிப்பெண் போடும் பழக்கத்திற்குப் பின்னாலும் அந்த எண்ணிக்கையே நிற்கிறது.

விடுமுறையில் ஆசிரியர்களைக் குளிரூட்டிய அரங்கில் உட்காரவைத்து, செயல்வழிக் கற்பித்தல் பற்றி மூன்று நாட்கள் சொற்பொழிவாற்றிச் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் பயிற்சிகள் பலவற்றில் கலந்துகொண்டிருக்கிறேன். அங்கே சொன்னவை தவறானவை அல்ல. ஆனால் பெஞ்சுகளை நகர்த்தவே இடமில்லாத அறையில் குழுவாக உட்காரவைப்பது எப்படி என்று கேட்டபோது, “உங்கள் சூழலுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்” என்று பதில் வந்தது. மாற்றிக்கொண்டோம், பழையபடியே எழுதிப் போட்டோம்.

தங்கள் நாளிதழ் வழியாகப் பள்ளிகளை நிர்வகிப்பவர்களிடமும் ஆய்வு செய்பவர்களிடமும் வைக்கும் கோரிக்கை சிறியது. முன்னறிவிப்பு இல்லாமல் வாருங்கள். மேசைக்கருகே போடப்படும் நாற்காலியை விட்டுவிட்டு, கடைசி வரிசையில் ஒரு பிள்ளையின் பக்கத்தில், கையில் நோட்டோடு ஒரு முழு பீரியட் உட்காருங்கள். ஆசிரியர் சொன்னதில் உங்கள் காதில் விழுந்ததை மட்டும் எழுதுங்கள். பலகையில் இருந்து படிக்க முடிந்ததை மட்டும் எழுதுங்கள். பக்கத்துப் பிள்ளையிடம் எத்தனை முறை கேள்வி வந்தது என்று எண்ணுங்கள். பீரியட் முடிந்ததும் அந்தப் பிள்ளையின் நோட்டையும் உங்களுடையதையும் ஆசிரியர் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, அவரோடு உட்கார்ந்து பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்